இதயம் சுரக்கும் ஹார்மோனும் சர்க்கரை நோயாளியின் சிறுநீரகமும்: ஓர் எளிய விளக்கம்

சர்க்கரை நோய் பல வருடமாக இருப்பவர்களின் ரத்தப் பரிசோதனைச் சீட்டில் இப்போதெல்லாம் புதிதாக ஒரு வரி சேர்கிறது: பிஎன்பி, அல்லது என்டி-புரோபிஎன்பி. பிஎன்பி என்பது இதயம் சுரக்கும் ஒரு ஹார்மோன், மற்றது அதோடு சேர்ந்து உண்டாகும் துண்டு. ரிப்போர்ட்டில் அந்த எண்ணுக்குப் பக்கத்தில் ‘அதிகம்’ என்று இருந்துவிட்டால் போதும், சொந்தக்காரர்கள், பக்கத்து வீட்டார், வாட்ஸ்அப் குழு என்று ஆளுக்கொரு தீர்ப்பு வந்துவிடும். ஒருவர் ‘ஹார்ட் போச்சு’ என்பார். இன்னொருவர் ‘கிட்னி கொஞ்சம் டல்லாக இருந்தால் அது கூடத்தான் செய்யும், விட்டுத்தள்ளு’ என்பார். மூன்றாமவர் ‘அந்த ஹார்மோன்தான் கிட்னியைக் கெடுக்கிறது, அதைக் குறைக்க ஏதாவது சாப்பிடு’ என்பார்.

மூன்று பேச்சிலும் உண்மையின் ஒரு துண்டு இருக்கிறது, ஆனால் மூன்றுமே தப்பான முடிவில் போய் நிற்கின்றன. முதல் பேச்சு வேண்டாத பயத்தைக் கிளப்பும். இரண்டாவது, சரிசெய்யக்கூடிய ஓர் இதயப் பிரச்சினையைக் கண்டுகொள்ளாமல் விடவைக்கும். மூன்றாவதை நம்பி மாத்திரையை நிறுத்துகிறவர்களும் உண்டு, எனக்கு அதுதான் மிகவும் கவலை. இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக 2023இல் வெளியான ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) ஆய்வு சொல்லியது. இத்தனை பேரைத் தொடும் விஷயத்தை அடிப்படையிலிருந்து ஒருமுறை தெரிந்துகொள்வது நல்லது.

இதயம் ஹார்மோன் சுரக்குமா?

சுரக்கும். ஹார்மோன் என்பது உடம்பின் ஓரிடத்தில் உண்டாகி, ரத்தத்தில் கலந்து போய், வேறோரிடத்தில் இருக்கும் செல்களுக்கு ‘இதைச் செய்’ என்று சொல்லும் வேதிப்பொருள். கணையம் சுரக்கும் இன்சுலின் எல்லோருக்கும் தெரிந்த உதாரணம். இதயத்தையோ நாம் ரத்தத்தைத் தள்ளும் பம்ப்பாக மட்டுமே நினைத்துப் பழகிவிட்டோம். மருத்துவ உலகமும் வெகுகாலம் அப்படித்தான் நினைத்திருந்தது.

1950களில் எலக்ட்ரான் நுண்ணோக்கி வழியாகப் பார்த்தவர்கள், இதயத்தின் மேலறைச் செல்களுக்குள் சின்னச் சின்ன மணிகள் போன்ற துகள்கள் நிறைந்திருப்பதைக் கண்டார்கள். ஹார்மோன் சுரக்கும் சுரப்பிகளில்தான் அப்படிப்பட்ட துகள்கள் இருக்கும். இதயத்துக்குள் அவை எதற்கு என்று யாருக்கும் விளங்கவில்லை. விடை கிடைத்தது 1981இல். கனடாவின் கிங்ஸ்டன் நகரில் வேலை பார்த்த அடோல்ஃபோ டி போல்ட் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவும் எலியின் மேலறைத் தசையிலிருந்து சாறெடுத்து வேறு எலிகளுக்கு ஊசியில் ஏற்றினார்கள். சற்று நேரத்தில் அந்த எலிகளின் சிறுநீரில் உப்பும் தண்ணீரும் பல மடங்கு கூடிக் கொட்டின. கீழறைத் தசையின் சாற்றை ஏற்றியபோது அப்படி எதுவும் நடக்கவில்லை. அந்தச் சாற்றில் இருந்த ஹார்மோனுக்குத்தான் இப்போது ஏஎன்பி என்று பெயர்.

1988இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு ஹார்மோனைப் பன்றியின் மூளையில் கண்டுபிடித்தார்கள். அதுதான் பிஎன்பி. மனிதர்களிடம் அது பெரும்பாலும் இதயத்தின் கீழறையில்தான் உருவாகிறது என்பது பிற்பாடு தெரிந்தது.

ஏரியும் மதகும்

மழைக்காலத்து ஏரி ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். வரத்துக் கால்வாயில் தண்ணீர் வந்துகொண்டே இருக்கிறது. கரையில் காவலுக்கு நிற்பவர் மட்டத்தைப் பார்த்துக்கொண்டே இருந்து, கரை தாங்காது என்று பட்டால் மதகில் இருப்பவரிடம் ஓர் ஆளை ஓடவிடுகிறார். மதகு திறக்கிறது, மட்டம் இறங்குகிறது, ஆள் அனுப்புவதும் நின்றுபோகிறது. இங்கே கரைக்காவல் இதயம், மதகு சிறுநீரகம், ஓடிப்போகிற ஆள் ஹார்மோன். ஆட்கள் வரிசையாக ஓடிக்கொண்டிருக்கிறார்கள் என்றால் ஏரியில் தண்ணீர் ஏறியிருக்கிறது, அல்லது மதகு சரியாகத் திறக்கவில்லை. வெள்ளத்தைக் கொண்டுவந்தது அந்த ஆட்கள் இல்லை.

சரி, உடம்புக்குள் இது எப்படி நடக்கிறது? ரத்தத்தில் உப்பும் நீரும் கூடினால் இதயத்துக்குத் திரும்பி வரும் ரத்தத்தின் அளவும் கூடும், அறைகளின் சுவர் இழுபடும். இந்த இழுபடுதல்தான் சுவிட்ச். மேலறையில் ஏஎன்பி தயாராகச் சேமித்து வைக்கப்பட்டிருப்பதால் சுவர் இழுபட்ட உடனே அது ரத்தத்தில் கலந்துவிடும். பிஎன்பியின் பெரும்பகுதி அப்படிச் சேமிப்பில் இருப்பதில்லை, கீழறை தொடர்ந்து பாரம் சுமக்கும்போது புதிதாகத் தயாராகி வெளியேறுகிறது. அதனால்தான் இதயத்தின் மேல் நீடித்த பாரம் இருக்கிறதா என்று பார்க்க மருத்துவர்கள் பிஎன்பியைத் தேடுகிறார்கள்.

ஹார்மோன் சிறுநீரகத்தை அடைந்த பிறகு நடப்பது சுவாரசியமானது. ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சுமார் 10 லட்சம் நெஃப்ரான்கள் இருக்கின்றன. நெஃப்ரான் என்பது ஒரு நுண்ணிய வடிகட்டியும் அதோடு சேர்ந்த நீளமான குழாயும் கொண்ட ஓர் அமைப்பு. வடிகட்டிக்குள் ரத்தம் வர ஒரு வாசல் நாளம், வெளியேற ஒரு நாளம். இதய ஹார்மோன் உள்ளே வரும் நாளத்தை விரிக்கிறது, வெளியேறும் நாளத்தைச் சற்றுச் சுருக்குகிறது, அதனால் வடிகட்டியில் அழுத்தம் ஏறி அதிகத் திரவம் வடிகிறது. அதோடு, வடிந்த திரவத்திலிருந்து உப்பைத் திரும்ப உறிஞ்சுகிற குழாய்களின் வேலையையும் அது மட்டுப்படுத்துகிறது, ஆகவே உப்பு சிறுநீரில் போகிறது, உப்பின் பின்னால் தண்ணீரும் போகிறது. மூன்றாவதாக, ரெனின் என்ற பொருள் சுரப்பதையும் குறைக்கிறது. ரத்த அழுத்தம் இறங்கிவிட்டதாக உணரும்போது சிறுநீரகம் வெளியிடுவது ரெனின். அது ஒரு சங்கிலித்தொடர் வேலையைத் தொடங்கிவைத்து, கடைசியில் ரத்த நாளங்களை இறுக்கி, உப்பை உடம்பிலேயே தேக்கிவிடும். இதய ஹார்மோன் தேங்கியதை வெளியேற்றும் கட்சி, ரெனின் தேக்கிவைக்கும் கட்சி, இரண்டுக்கும் நடுவில் ஓயாத இழுபறி.

இதுவரை பார்த்ததைச் சுருக்கமாகச் சொன்னால்: இதயச் சுவர் இழுபட்டால் ஏஎன்பி, பிஎன்பி சுரக்கின்றன. அவை சிறுநீரகத்திடம் உப்பையும் நீரையும் வெளியேற்றச் சொல்கின்றன. இதயத்தின் பாரம் குறைகிறது. இது உடம்பின் தற்காப்பு.

சர்க்கரை இதில் எங்கே நுழைகிறது?

நம் சிறுநீரகங்கள் ஒரு நாளில் சுமார் 180 லிட்டர் திரவத்தை வடிகட்டுகின்றன. அதில் ஒன்றரை, இரண்டு லிட்டர்தான் சிறுநீராக வெளியேறும், மற்றதெல்லாம் குழாய்களில் திரும்ப உறிஞ்சப்பட்டு ரத்தத்துக்கே போய்விடும். வடிந்த குளுக்கோஸைத் திரும்ப எடுக்கும் வேலையில் பெரும்பங்கு எஸ்ஜிஎல்டி2 என்ற புரதத்துடையது. அது குளுக்கோஸை மட்டும் எடுப்பதில்லை, கூடவே சோடியத்தையும், அதாவது உப்பையும், சேர்த்து இழுத்துக்கொள்ளும்.

ரத்தத்தில் சர்க்கரை அதிகமானால் வடிந்த திரவத்திலும் அதிகம். எஸ்ஜிஎல்டி2 கூடுதலாக உழைத்துச் சர்க்கரையையும் உப்பையும் திரும்ப எடுக்கிறது. குழாயில் கொஞ்சம் தள்ளி, ‘எவ்வளவு உப்பு வருகிறது’ என்று பார்க்கும் ஓர் உணரி இருக்கிறது. அங்கே உப்பு குறைவாக வந்து சேர்வதால், வடிகட்டுதல் குறைந்துவிட்டது என்று அது தப்பாகக் கணக்குப் போட்டு, வடிகட்டியின் வாசல் நாளத்தை இன்னும் திறந்துவிடச் செய்கிறது. விளைவு, வடிகட்டிகள் தேவைக்கு மேல் வேலை செய்கின்றன. இதை மிகை வடிகட்டல் என்போம்.

இந்தக் கட்டத்தில் ரிப்போர்ட் பார்க்க அழகாக இருக்கும், ஏமாறவேண்டாம். ஈஜிஎஃப்ஆர் என்பது, ரத்தத்தில் உள்ள கிரியாட்டினின் என்ற கழிவின் அளவைக் கொண்டு, சிறுநீரகம் நிமிடத்துக்கு எத்தனை மில்லிலிட்டர் வடிகட்டுகிறது என்று மதிப்பிடும் எண். மிகை வடிகட்டலின்போது அது சாதாரணமாகவோ அதற்கு மேலோ இருக்கும், ‘கிட்னி சூப்பர்’ என்று நிம்மதியாகக் கிளம்பிவிடுவோம். உள்ளே வடிகட்டிகள் அழுத்தத்தில் தேய்ந்துகொண்டிருக்கும். தேய்மானத்தின் முதல் தடயம் பெரும்பாலும் சிறுநீரில்தான் தெரியும்: அல்புமின் என்ற புரதம் கசிய ஆரம்பிக்கும். சிறுநீரில் ஒரு கிராம் கிரியாட்டினினுக்கு 30 மில்லிகிராமுக்கு மேல் அல்புமின் இருந்து, மறுபடி பார்த்தபோதும் அப்படியே இருந்தால் அதைக் கவனிக்கவேண்டும், 300ஐத் தாண்டினால் பாதிப்பு முற்றியிருக்கிறது என்று பொருள்.

அப்புறம், உறிஞ்சிச் சேர்த்த உப்பு ரத்தத்தின் அளவைக் கூட்டும், இதயச் சுவர் இழுபடும், ஏஎன்பி சுரக்கும், அதுவும் வாசல் நாளத்தை விரிக்கும். 1980களின் பிற்பகுதியில் சர்க்கரை நோய் உண்டாக்கப்பட்ட எலிகளில் ஏஎன்பியின் செயலைத் தடுத்துப் பார்த்தபோது மிகை வடிகட்டல் குறைந்தது. ‘ஹார்மோன்தான் கிட்னியைக் கெடுக்கிறது’ என்ற பேச்சில் இருக்கும் உண்மைத் துண்டு இவ்வளவுதான். ஆனால் கதையின் வேர் சர்க்கரையும், தேங்கிய உப்பும், ரத்த அழுத்தமும். ஹார்மோன் அவற்றுக்குப் பதில் சொல்ல வந்தது. அது நிஜமாகவே வில்லனாக இருந்திருந்தால், அதன் அளவை உடம்பில் கூட்டும் மருந்து சிறுநீரகத்தைக் கெடுத்திருக்கவேண்டும் இல்லையா? நடந்தது வேறு. அதைக் கீழே சொல்கிறேன்.

வருடங்கள் போகப் போகக் கதை திரும்புகிறது. வடிகட்டிகள் தழும்பேறி மூடிக்கொள்ள, ஈஜிஎஃப்ஆர் இறங்குகிறது. உப்பும் நீரும் தேங்குகின்றன, ரத்த அழுத்தம் ஏறுகிறது. மறுபக்கம், சர்க்கரை நோய் இதயத் தசையையும் விறைப்பாக்கியிருக்கும். எக்கோவில், அதாவது இதயத்தை ஒலியலையால் படம்பிடிக்கும் பரிசோதனையில், ‘இதயம் 60 சதவீதம் பம்ப் செய்கிறது’ என்று நல்ல எண் வரும், ஆனால் விறைத்த தசை தளர்ந்து ரத்தத்தை உள்வாங்கச் சிரமப்படும். இப்படிப்பட்டவர் படியேறினால் மூச்சு வாங்கும், அதை வயசு, எடை என்று சொல்லி ஒதுக்கிவிடுவார்கள். பிஎன்பி இதற்குள் ஏறத் தொடங்கியிருக்கும்.

அத்தனை ஹார்மோன் சுரந்தும் சிறுநீரகம் ஏன் கேட்பதில்லை? கேட்பதற்கு மிஞ்சியிருக்கும் நெஃப்ரான்கள் குறைவு, ரெனின் கட்சியின் கை ஓங்கிவிட்டது, நெப்ரிலைசின் என்ற நொதி ஹார்மோனை உடைத்துக்கொண்டே இருக்கிறது, சுரப்பதிலும் ஒரு பகுதி முழுதாகப் பக்குவப்படாத, வீரியம் குறைந்த வடிவத்தில் வெளியேறுகிறது.

ஆக, ஆரம்பத்தில் சிறுநீரகம் மிகையாக வடிகட்டும், பின்னால் வடிகட்ட முடியாமல் போகும். இதயம் இரண்டு கட்டத்திலும் பாரத்தை உணர்ந்து ஹார்மோனை அனுப்புகிறது. பின்னைய கட்டத்தில் அந்தக் குரல் எடுபடுவதில்லை.

ரிப்போர்ட்டில் எண் ஏன் கூடுகிறது?

ரத்தத்தில் எந்தப் பொருளின் அளவும் இரண்டு விஷயங்களைப் பொறுத்தது: எவ்வளவு உண்டாகிறது, எவ்வளவு வெளியேறுகிறது. குழப்பம் முழுக்க இங்கேதான்.

இதயத் தசை முதலில் புரோபிஎன்பி என்ற நீளமான சங்கிலியைத் தயாரிக்கிறது. அது இரண்டாக வெட்டப்படுகிறது. ஒரு துண்டு பிஎன்பி, வேலை செய்யும் ஹார்மோன். மற்றது என்டி-புரோபிஎன்பி, அதற்கு வேலை ஏதும் இல்லை, ஆனால் ரத்தத்தில் நீண்ட நேரம் தங்குவதால் அளப்பதற்கு வசதி. பிஎன்பி சுமார் 20 நிமிடத்தில் பாதியாகக் குறைந்துவிடும், என்டி-புரோபிஎன்பி அப்படிக் குறைய ஒன்று முதல் இரண்டு மணி நேரம் ஆகும். பிஎன்பியை உடைக்க நெப்ரிலைசினும் வேறு வழிகளும் இருக்கின்றன. என்டி-புரோபிஎன்பியோ வெளியேறுவதற்குச் சிறுநீரகத்தைப் பெரிதும் நம்பியிருக்கிறது. அதனால் ஈஜிஎஃப்ஆர் இறங்கும்போது இரண்டும் கூடினாலும் என்டி-புரோபிஎன்பி அதிகமாகவே கூடும்.

இதை வைத்துத்தான் ‘கிட்னியால் கூடியது, விட்டுத்தள்ளு’ என்கிறார்கள். ஆனால் சிறுநீரகம் பழுதானவர்களின் இதயமும் நிஜமாகவே பாரம் சுமக்கிறது. நாள்பட்ட சிறுநீரக நோய் உள்ளவர்களில் டயாலிசிஸ் வரை போவதற்கு முன்பே இதய நோயால் இறப்பவர்கள் அதிகம். அவர்களில் என்டி-புரோபிஎன்பி கூடுதலாக இருப்பவர்களுக்கு ஆபத்தும் கூடுதல் என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. வெறும் தேக்கமாக மட்டும் இருந்தால் அந்த எண் எதையும் முன்கூட்டிச் சொல்லாது.

வேறு விஷயங்களும் எண்ணைப் புரட்டும். வயது ஏறினால் கூடும், பெண்களுக்குச் சற்று அதிகம், ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற தாறுமாறான இதயத் துடிப்பு இருந்தால் நன்றாகவே கூடும். உடல் பருமன் உள்ளவர்களுக்கு எதிர்மாறாகக் குறைவாக வரும். சர்க்கரை நோயாளிகளில் பலருக்குப் பருமனும் இருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்: பருமனானவருக்கு மூச்சு வாங்குகிறது, ஆனால் எண் சாதாரணம் என்றால், அதை மட்டும் வைத்து இதயம் நலம் என்று முடிவுகட்ட முடியாது.

அந்த எண்ணை எப்படிப் படிப்பது?

2022இல் அமெரிக்க நீரிழிவுச் சங்கம் வெளியிட்ட அறிக்கை, சர்க்கரை நோயாளிகளுக்கு மூச்சுத் திணறல் போன்ற அறிகுறி இல்லாவிட்டாலும் வருடம் ஒருமுறை பிஎன்பி, என்டி-புரோபிஎன்பி அல்லது ட்ரோபோனின் (இதயத் தசை பாதிக்கப்பட்டால் ரத்தத்தில் கூடும் புரதம்) பார்க்கலாம் என்று பரிந்துரைத்தது. பிஎன்பி ஒரு மில்லிலிட்டருக்கு 50 பிகோகிராம், என்டி-புரோபிஎன்பி 125 பிகோகிராம் என்ற எல்லையைத் தொட்டால் மேற்கொண்டு ஆராயச் சொல்கிறார்கள். இது ‘இதயம் செயலிழந்துவிட்டது’ என்ற எல்லை இல்லை, ‘எக்கோ எடுத்துப் பாருங்கள்’ என்ற எல்லை. திடீர் மூச்சுத் திணறலோடு அவசரப் பிரிவுக்கு வருகிறவர்களுக்கு அளவுகோலே வேறு: அங்கே என்டி-புரோபிஎன்பி 300க்குக் கீழே இருந்தால் இதயச் செயலிழப்பு (உடம்புக்குத் தேவையான அளவு ரத்தத்தை இதயம் அனுப்பத் திணறும் நிலை) காரணமாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு, இதயச் செயலிழப்புதான் என்று உறுதியாகச் சொல்ல 50 வயதுக்குக் கீழ் 450, 50 முதல் 75 வரை 900, அதற்கு மேல் 1,800 என்று வயதுக்கேற்ப எல்லை ஏறும். ஒரே எண் இடத்துக்கும் ஆளுக்கும் ஏற்ப வேறு அர்த்தம் தருகிறது.

இரண்டு பேருக்கு என்டி-புரோபிஎன்பி 400 என்று வைத்துக்கொள்வோம். ஒருவருக்கு வயது 48, ஈஜிஎஃப்ஆர் 95, சிறுநீரில் அல்புமின் இல்லை. இவருக்குச் சிறுநீரகத்தின் மேல் பழி போட வழியே இல்லை, இதயத்தை உடனே பார்க்கவேண்டும். இன்னொருவருக்கு வயது 74, ஈஜிஎஃப்ஆர் 38, போன வருடமும் அதே 400 சுற்று. இவருக்கும் இதயப் பரிசோதனை தேவைதான், ஆனால் எண் நிலையாக இருப்பது ஓரளவு ஆறுதல். அதே பெரியவருக்கு ஆறு மாதத்தில் 400 போய் 1,200 ஆனால் நிலைமை வேறு. அதனால் பழைய ரிப்போர்ட்டுகளைத் தூக்கிப் போடாமல் ஒரு கவரில் சேர்த்து வையுங்கள். என்டி-புரோபிஎன்பி, ஈஜிஎஃப்ஆர், சிறுநீர் அல்புமின் மூன்றையும் ஒன்றாக வைத்து, உங்கள் சொந்தப் பழைய எண்களோடு ஒப்பிட்டால்தான் படம் தெளிவாகும். பிஎன்பியையும் என்டி-புரோபிஎன்பியையும் ஒன்றோடொன்று ஒப்பிடக்கூடாது, இரண்டும் வேறு வேறு அளவுகள்.

மருந்துகள் எங்கே பிடிக்கின்றன?

இதயம் அனுப்பும் அதே ஹார்மோனை வெளியிலிருந்து ஏற்றினால் என்ன என்ற யோசனை எல்லோருக்கும் வரும். செய்தும் பார்த்தார்கள். நெசிரிடைட் என்ற பெயரில் பிஎன்பியே மருந்தாக 2001இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. 2011இல் 7,000க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் செய்த ஆய்வின் முடிவு வந்தபோது, அதனால் சொல்லிக்கொள்ளும்படி பலன் இல்லை என்று தெரிந்தது. கேட்காத காதில் இன்னும் கத்திப் பயனில்லை.

ரெனின் கட்சியை அடக்கும் மாத்திரைகள், உதாரணமாக டெல்மிசார்டான், லோசார்டான் வகை, நெடுநாளாகப் புழக்கத்தில் உள்ளவை. அதோடு நெப்ரிலைசினையும் தடுக்கும் சக்கூபிட்ரில்-வால்சார்டான் 2014இல் வந்த ஆய்வுக்குப் பிறகு இதயச் செயலிழப்புக்கு முக்கிய மருந்தானது. இது உடம்பின் சொந்த இதய ஹார்மோன்களை உடையாமல் காக்கிறது. அந்த ஆய்வில் இதை எடுத்தவர்களுக்கு, எனலாப்ரில் என்ற பழைய மாத்திரை எடுத்தவர்களைவிடச் சிறுநீரகத் திறன் மெதுவாகவே குறைந்தது, சர்க்கரை நோய் உள்ளவர்களிடம் அந்த வித்தியாசம் இன்னும் தெளிவாக இருந்தது. ஹார்மோன் வில்லன் என்றால் அதைக் கூட்டும் மருந்து சிறுநீரகத்தைக் கெடுத்திருக்கவேண்டுமே என்று முன்பு கேட்ட கேள்விக்கு விடை இதுதான்.

அடுத்தது எஸ்ஜிஎல்டி2வைத் தடுக்கும் டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்றவை. சர்க்கரையைக் குறைக்க வந்த மாத்திரைகள் இவை. 2015இல் வெளியான எம்பாகிளிஃப்ளோசின் ஆய்வில் இதயச் செயலிழப்பால் மருத்துவமனையில் சேர்வது 35 சதவீதம் குறைந்ததைப் பார்த்து எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். 2020இல் டாபாகிளிஃப்ளோசின் சிறுநீரகத்தைக் காப்பதும் உறுதியானது, அதுவும் சர்க்கரை நோய் இல்லாதவர்களிடமும். எஸ்ஜிஎல்டி2 அடைபட்டால் உப்பு குழாயில் மேற்கொண்டு போகும், உணரி சரியான கணக்குப் போடும், வாசல் நாளம் பழைய அளவுக்குச் சுருங்கும், வடிகட்டியின் அழுத்தம் இறங்கும்.

இந்த மாத்திரையைத் தொடங்கிய சில வாரங்களில் ஈஜிஎஃப்ஆர் சற்றே இறங்குவது வழக்கம். ‘மாத்திரை கிட்னியைக் காலி பண்ணுகிறது’ என்று பயந்து நிறுத்திவிடுகிறார்கள். மிகை வடிகட்டல் குறைந்ததன் அடையாளம்தான் அந்தச் சிறு இறக்கம், பின்னால் வரும் வருடங்களில் திறன் குறையும் வேகம் மட்டுப்படும். இறக்கம் பெரிதாக இருந்தால் மருத்துவர் பார்த்துச் சொல்வார், நீங்களாக நிறுத்தவேண்டாம். வாந்தி பேதியில் சாப்பிட முடியாத நாட்களிலும், அறுவை சிகிச்சைக்கு முன்பும் இதைத் தற்காலிகமாக நிறுத்தவேண்டியிருக்கும், அதை முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

மாத்திரைகள் ஒரு பக்கம் உப்பை வெளியேற்றும்போது மறுபக்கம் ஊறுகாய், அப்பளம், கருவாடு என்று நாம் ஏற்றிக்கொண்டிருந்தால் கணக்கு நேராகாது. மூட்டு வலிக்கு மருந்துக்கடையில் சீட்டு இல்லாமல் வாங்கிப் போடும் டைக்ளோஃபினாக், ஐபுபுரோஃபென் வகை மாத்திரைகள் உப்பைத் தேக்கி, சிறுநீரகத்துக்கு வரும் ரத்தத்தையும் குறைக்கும்.

சக்கூபிட்ரில் சேர்ந்த மாத்திரை எடுப்பவர்கள் பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்கும்போது ஒன்றைக் கவனிக்கவேண்டும். அந்த மருந்து பிஎன்பி உடைவதைத் தடுப்பதால், இதயம் தேறிக்கொண்டிருந்தாலும் பிஎன்பி எண் ஏறிக் காட்டலாம். என்டி-புரோபிஎன்பியை நெப்ரிலைசின் தொடுவதில்லை, ஆகவே அவர்களுக்கு அந்தப் பரிசோதனைதான் சரி. பரிசோதனை எதுவானாலும், மூன்று நாளுக்குள் எடை இரண்டு கிலோவுக்கு மேல் ஏறியிருந்தால், காலில் வீக்கம் கூடினால், மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டி எழுந்து உட்காரவேண்டி வந்தால், அடுத்த ரிப்போர்ட் தேதிக்காகக் காத்திருக்காமல் அன்றைக்கே மருத்துவரிடம் போய்விடுங்கள்.